மடியில் ஒரு ஹெல்மெற்

“நான் செத்துப்போனன் எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ. இனி என்ன செய்வியள்?”

தண்ணீர்த் திட்டம் ஒன்றுக்காக மிஸ் எங்கடை ஊருக்கு வந்த முதல் கூட்டத்திலேயே இப்படித்தான் கேட்டார். சனசமூக நிலையத்தில் பிளாஸ்ரிக் கதிரைகளில் பெண்கள் நாங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். நல்ல தண்ணீர் வரப்போகிறது என்று கேள்விப்பட்டு, சீலை மாற்றிக்கொண்டு வந்தவர்களிடம் கேட்கிற கேள்வியா இது? நான் சிலுவை போட்டுக்கொண்டேன். என்ரை மனுசன் செத்து அப்போது வருசப் பூசைகூட முடியவில்லை.

முன்வரிசையில் இருந்த தவமணி அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

“நல்ல காரியம் கதைக்க வந்த இடத்தில உதென்ன கதை மிஸ்? முதல் வாயைக் கழுவுங்கோ.”

“கழுவத் தண்ணி இல்லையெண்டுதானே வந்திருக்கிறன்,” என்றார் மிஸ்.

சிரிக்காமல் சொன்னார். சிரித்தது நாங்கள்தான். ஆனால் கேள்வி போகவில்லை. வீட்டுக்கு வந்து உலையை வைத்த பிறகும் அது என்ரை தலைக்குள் நின்றது. யாராவது செத்துப்போனால் என்ன செய்வது என்று யோசிக்க எனக்கு யாரும் பழக்கத் தேவையில்லை. தனக்குக் காய்ச்சல் வந்த அன்று மனுசன் “ஒண்டுமில்லை, போய்ப் படு” என்றார். அதன் பிறகு ஒன்றுமில்லை என்று யார் சொன்னாலும் எனக்கு நெஞ்சு பதறும்.

மிஸ்ஸைப் பற்றிச் சொல்வதென்றால் ஹெல்மெற்றில் இருந்துதான் தொடங்க வேண்டும். கறுப்பு ஹெல்மெற், முன்கண்ணாடியில் நீளமாக ஒரு கீறல். ஸ்கூட்டியில் வந்து இறங்குகிற எல்லோரும் ஹெல்மெற்றை வண்டியிலேயே கொழுவிவிட்டு வருவார்கள். மிஸ் அதைக் கையோடு கொண்டுவந்து மடியில் வைத்துக்கொள்வார். கூட்டம் முடியும்வரை இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருப்பார். பார்க்கிறவர்களுக்கு, இந்தா எழும்பப் போகிறா என்று இருக்கும்.

“உவ இருக்க வந்தவவோ, எழும்ப வந்தவவோ தெரியேல்லை,” என்று தவமணி அக்கா என் காதுக்குள் சொன்னா.

எங்கடை ஊர் அரியாலையையும் தாண்டி, பரவைக்கடல் ஓரமாக இருக்கிறது. கிணறு இல்லாத வளவு இல்லை. அள்ளி வாயில் வைத்தால் உப்பு. கோடையில் தேத்தண்ணிக்குப் பால் விட்டால் திரைந்துபோகும். பிரதேச சபையின் தண்ணீர்ப் பவுசர் வருகிற நாளில் குடத்தையும் பிளாஸ்ரிக் கானையும் வரிசையாக வைத்துவிட்டு, வெயிலுக்குள் றோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்போம். சில நாள் வரும். சில நாள் வராது.

ஊருக்குள் இரண்டு பக்கம் உண்டு. தோட்டம் செய்கிறவர்கள் ஊர்ப்பக்கம். கடலுக்குப் போகிற நாங்கள் கரைப்பக்கம். அவர்களுக்குப் பிள்ளையார் கோயில், எங்களுக்கு மாதா கோயில். அவர்களின் கிணற்றில் நாங்கள் அள்ளுவதில்லை, எங்கள் கிணற்றில் அவர்கள் அள்ளுவதில்லை. யாரும் சட்டம் போடவில்லை. பிறந்ததில் இருந்து தெரிந்த விசயம், அவ்வளவுதான். கிணறெல்லாம் உப்பாகிப்போன பிறகும் அந்த வழக்கம் மட்டும் உப்பாகவில்லை.

திட்டத்தில் நாலு தரப்புச் சேருகிறது என்று மிஸ் விளக்கினார். உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக்குகிற இயந்திரத்தை வெளிநாட்டு நிறுவனம் தரும். பிரதேச சபை காணி தரும். மிஸ் வேலை செய்கிற நிறுவனம் எங்களைப் பழக்கும். நடத்துகிறது நாங்கள். “நீங்களும் இதில பங்காளிகள்,” என்று அவர் சொல்ல, தவமணி அக்கா விடவில்லை.

“பங்காளியெண்டால் எங்கடை ஊரில வழக்குப் போட்டுக் கோட்டில நிக்கிறவை மிஸ். வேலிக்கும் கிணத்துக்கும்.”

“நல்லதாப் போச்சு. சண்டை பிடிக்கத் தெரிஞ்ச ஆக்கள்தான் எனக்கும் வேணும்.”

அப்படித்தான் தவமணி அக்கா தண்ணீர்ச் சங்கத்துக்குத் தலைவர் ஆனா. அவ ஊர்ப்பக்கம் என்றபடியால், செயலாளர் கரைப்பக்கத்தில் இருந்து வரவேண்டும் என்று ஆனபோது ஆரோ என்ரை பேரைச் சொல்லிவிட்டார்கள். நான் எழும்பி, எனக்குப் படிப்புக் காணாது, எட்டாம் வகுப்போடு இடம்பெயர்ந்து போனபிறகு பள்ளிக்கூடப் படி மிதிக்கவில்லை, மோட்டர் எரிந்தால், தண்ணீரைக் குடித்துப் பிள்ளைகளுக்கு ஏதும் வந்தால் நான் என்ன பதில் சொல்வது என்று மூச்சு விடாமல் அடுக்கினேன்.

மிஸ் முழுவதையும் கேட்டார். “உவதான் சரி. மோட்டருக்குப் பயப்பிடுற ஆள்தான் வேணும்.”

அன்றில் இருந்து நான் அவருக்குச் “செயலாளர்”. தவமணி அக்கா “தலைவர்”. எங்கள் ஊரில் வழிப்போக்கனைக்கூட அண்ணை, தம்பி, மாமி என்று ஒரு முறை சொல்லித்தான் கூப்பிடுவோம். மிஸ் ஒருவரையும் முறை சொல்லிக் கூப்பிட்டதில்லை. “செயலாளர், தாங்கி நிரம்பினால் எப்பிடித் தெரியும்?” “தலைவர், இண்டைக்குப் பூட்டுத் திறப்பு ஆரிட்டை?” கந்தோரில் பதவிப் பேர் சொல்லிக் கதைக்கிறது மாதிரித்தான்.

பழக்குகிற நாட்களில் மிஸ் செத்துப்போவார்.

முதலில் எல்லாம் சொல்லித் தருவார். எந்தச் சுவிச் முதல், எந்த வால்வு பிறகு, வடிகட்டியை எப்போது கழுவுவது. சொல்லும்போதும் கையால் ஒன்றையும் தொடமாட்டார். விரலால் காட்டுவார், அவ்வளவுதான். “நான் தொட்டால் அது என்ரை ஆகிடும்” என்பார். சொல்லி முடித்ததும் வாசலில் கதிரையைப் போட்டு, ஹெல்மெற்றை மடியில் வைத்துக்கொண்டு, “சரி, இப்ப செத்திட்டன்” என்பார். அதன்பிறகு தலைகீழாக நின்று கேட்டாலும் பதில் வராது. ஊர்ச் சின்னனுகள் அவரைச் “செத்த மிஸ்” என்றுதான் சொல்லுவார்கள். ஸ்கூட்டிச் சத்தம் கேட்டால், “செத்த மிஸ் வாறா, செத்த மிஸ் வாறா” என்று ஓடிவருவார்கள். அவருக்குக் கேட்கும். ஒன்றும் சொல்லமாட்டார்.

ஒருநாள் அவர் அப்படிச் செத்துப்போய் இருந்த நேரம், மோட்டரின் சத்தம் மாறியது. தண்ணீர் இழுக்கிற சத்தம் இல்லை. வறண்ட தொண்டை இருமுகிற மாதிரி ஒரு சத்தம். எல்லோரும் மிஸ்ஸைப் பார்த்தார்கள். அவர் றோட்டுக்கு அப்பால் பனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மிஸ், மோட்டர் எரியப்போகுது மிஸ்!” என்றேன்.

“செத்தவவிட்டை ஏனடி கேக்கிறாய்? ஓடிப்போய் நிப்பாட்டு!” என்று தவமணி அக்கா கத்த, நான் ஓடிப்போய்ச் சுவிச்சை அமத்தினேன். கிணற்றுப் பக்க வால்வை ஆரோ திறக்க மறந்திருக்கிறார்கள். மோட்டரில் கையை வைத்தேன். சோற்றுப் பானை மாதிரிச் சுட்டது. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

மிஸ் அப்போதுதான் எழும்பி வந்தார். “சத்தம் மாறினதை ஆர் முதல் கேட்டது?”

எல்லோரும் என்னைக் காட்டினார்கள்.

“செயலாளர் பயந்தபடியால் மோட்டர் தப்பிச்சுது,” என்றார். பிறகு அடுத்த விசயத்துக்குப் போய்விட்டார்.

என்ரை பயத்தை விசர், பைத்தியம் என்று சொன்னவர்கள்தான் அதுவரைக்கும். மனுசனும் அப்படித்தான் சொல்லுவார், பாசமாகத்தான், ஆனாலும் விசர் என்றுதான். அது ஒன்றுக்கு உதவும் என்று சொன்ன முதல் ஆள் மிஸ். அன்றில் இருந்து ஒவ்வொரு நாளும் மோட்டரைத் தொட்டுப் பார்க்கிறது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அவரை எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்லமாட்டேன். எனக்கே அவரை நினைத்து நெஞ்சு இடறுகிற ஒரு நாள் உண்டு.

கட்டடம் எழும்பி முடிகிற நேரம், தண்ணீர் பிடிக்கிற பைப்பை எங்கே வைப்பது என்று கூட்டம் போட்டோம். வரைபடத்தில் இருந்தது ஒரு பைப். தவமணி அக்கா எழும்பி, “சனம் கூட. ஒரு பைப் காணாது. ஊர்ப்பக்கம் ஒண்டு, கரைப்பக்கம் ஒண்டு வைப்பம். சோலியில்லை,” என்றா. சனம் கூட என்பது சாட்டு. அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். எங்கடை பக்கமும் எதிர்க்கவில்லை. எங்களுக்கென்று ஒரு பைப் இருந்தால், குடத்தை வைக்கும்போது ஒருவரும் விலகி நின்று முகத்தைச் சுளிக்கத் தேவையில்லை. எங்களுக்கு அது நிம்மதி. இரண்டு பக்கத்திலும் கைகள் உயர்ந்தன.

பிறகு எல்லோரும் மிஸ்ஸைப் பார்த்தோம். கூட்டம் தொடங்கும்போதே செத்துப்போனவர். வாய் திறக்கவில்லை. ஹெல்மெற்றின் வார் மட்டும் அவர் விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்ந்துகொண்டிருந்தது.

வாசலில் வைத்துக் கேட்டேன். “மிஸ், நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே?”

“நான் சொல்லியிருந்தால் ஒரு பைப் வந்திருக்கும். நான் போன அடுத்த நாள் நீங்கள் ரெண்டாவதை வைச்சிருப்பியள்.”

“வைக்காமலும் விட்டிருப்பம் மிஸ்.”

அவர் ஸ்கூட்டியை உதைத்தார். அது எழும்பவில்லை. திரும்பத் திரும்ப உதைத்தார். திறப்பைப் போடாமலே உதைத்துக்கொண்டிருக்கிறார் என்று நான்தான் காட்டினேன்.

திறப்பு விழாவுக்கு முன்னம் வெளிநாட்டு நிறுவனத்தில் இருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் பார்க்க வந்தா. ஏன் இரண்டு பைப் என்று கேட்டா. தவமணி அக்கா, “சனம் கூட” என்றா. மிஸ் அதை இங்கிலீசில் சொன்னார். தவமணி அக்கா சொன்னது இரண்டு சொல். மிஸ் சொன்னது நீளமாக இருந்தது. அந்தப் பெண் தலையை நிமிர்த்தி முதலில் தவமணி அக்காவையும் பிறகு என்னையும் பார்த்தா. என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கும் எனக்குத் தெரியாது, மிஸ் அன்று கூட்டத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டுமோ என்று. சில நாள் திறந்திருக்க வேண்டும் என்று நினைப்பேன். சில நாள் இல்லை என்பேன்.

ஹெல்மெற் மடியில் இல்லாமல் அவரை நான் கண்டது ஒரேயொரு நாள். மாரி தொடங்கிவிட்டது. பின்னேரம் கூட்டம் முடிய மழை பிடித்துக்கொண்டது. என்ரை வீடு கிட்ட என்றபடியால் ஓடிவந்து ஏறினார். ஈரம் சொட்டச் சொட்ட ஹெல்மெற்றை வாசலில் வைத்தார். உள்ளே வந்து கதிரையில் இருந்தவருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முழங்காலில் வைத்தார், எடுத்தார், கட்டிக்கொண்டார்.

பிட்டும் நண்டுக் கறியும் இருந்தன. வேண்டாம் என்பார் என்று பயந்துகொண்டு கேட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. நண்டின் கோதை வாயில் வைத்து உறிஞ்சி, விரல் விரலாகச் சூப்பிச் சாப்பிட்டார். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தெரிந்தது, இவருக்குச் சமைத்துக் கொடுக்க ஆளில்லை என்று.

“மிஸ்ஸின்ரை ஊர் எது?”

“இப்ப வேலை செய்யிற ஊர்தான்.”

“அதுக்கு முந்தி?”

“அதுக்கு முந்தி வேலை செய்த ஊர்.”

நான் விட்டுவிட்டேன். மழை விடவில்லை. கொஞ்சம் கழித்து அவராகவே சொன்னார். குரலைத் தாழ்த்தி, நண்டுக் காலை உடைத்துக்கொண்டே.

“சின்னனில இடம்பெயர்ந்து ஒரு முகாமில இருந்தனாங்கள். லொறியில தண்ணி கொண்டு ஒரு ஐயா வருவார். எல்லாற்றை பேரும் தெரியும் அவருக்கு. எங்களுக்கு அவரில உயிர். ஒருநாள் வரேல்லை. வேற இடத்துக்கு மாத்திப்போட்டினமாம். எங்களுக்கு ஆரும் சொல்லேல்லை. சனம் குடத்தோட றோட்டைப் பாத்துக்கொண்டு நிண்டுது. பத்தைக்குள்ள ஒரு பழங்கிணறு கிடந்தது, செயலாளர். இறைச்சுத் துப்புரவாக்கினால் குடிக்கலாம். ஒருத்தரும் போகேல்லை. ஐயா வருவார், ஐயா வருவார் எண்டு.”

“பிறகு?”

“அந்த ஐயா நல்லவர். அதுதான் பிழை,” என்றார். “கறி நல்லாயிருக்கு.”

மழை விட்டதும் எழும்பி, ஹெல்மெற்றுக்குள் இருந்த தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றினார். படியில் நின்று, “ஆக்களை றோட்டைப் பாக்கப் பழக்கக் கூடாது,” என்றார். எனக்குச் சொன்னாரா, தனக்குச் சொன்னாரா என்று விளங்கவில்லை.

திட்டம் முடிந்து எங்களிடம் கையளிக்கிற விழாவில் பிரதேச சபை ஆட்கள், வெளிநாட்டு ஆட்கள் எல்லோருக்கும் மாலை போட்டோம். மிஸ்ஸுக்கும் ஒரு மாலை கட்டி வைத்திருந்தேன், எங்கடை வேலி நந்தியாவட்டையில். பெயரைக் கூப்பிடும்போது கதிரை வெறுமையாக இருந்தது. நான் வெளியே ஓடிவந்தேன். ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு வண்டியில் இருந்தார்.

“சாப்பிட்டிட்டுப் போங்கோவன் மிஸ்.”

“நம்பர் இருக்குத்தானே உங்களிட்டை? தண்ணி விசயமா மட்டும் எடுக்கக் கூடாது.”

வேறு என்ன விசயமாக எடுப்பது? எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்ததெல்லாம் தண்ணீர்தானே. மாலையைக் கொண்டுபோய் மாதாவுக்குப் போட்டேன்.

அவர் போனபிறகு எல்லாம் ஓடியது. அதைச் சொல்ல வேண்டும். வடிகட்டி கழுவுகிற நாளில் கழுவினோம். சண்டை வந்தது, தீர்ந்தது. மோட்டர் ஒருக்கால் நின்று போனபோது நாங்களே ஆளைப் பிடித்துத் திருத்தினோம். ஆனால் ஒவ்வொன்றும் முடிய நான் வாசலைப் பார்ப்பேன். அங்கே கதிரை வெறுமையாக இருக்கும். செத்துப்போய் இருக்கக்கூட ஆளில்லை.

பிறகுதான் ஒருநாள் காலைமை அது நடந்தது. தவமணி அக்காவின் மனுசன் வெங்காய மூட்டையோடு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தைப் பின்னுக்கு எடுத்தார். எடுத்தவர் ஊர்ப்பக்கப் பைப்பை அடியோடு சாய்த்துவிட்டார். தண்ணீர் பீறிட்டது. நான் ஓடிப்போய் அந்தப் பக்க வால்வைப் பூட்டினேன். மிஞ்சினது கரைப்பக்கப் பைப் ஒன்றுதான். அது நல்ல கோடை. ஊர்ப்பக்கத்துச் சனம் கானோடு வந்து நின்றது. எங்கடை பைப்புக்குக் கிட்ட வராமல், பூவரசுக்குக் கீழே நின்றது.

“மிஸ்ஸுக்குப் போன் அடி,” என்றா தவமணி அக்கா.

அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்து நின்றது. திரும்பவும் அடித்தேன். மூன்றாந்தரமும் எடுக்கவில்லை.

“செத்துப்போனாவாக்கும்,” என்றா தவமணி அக்கா வெறுப்போடு. சொன்ன பிறகு அவவுக்கே ஏதோ செய்தது. “அதுதானே. எப்பவோ சொல்லிப்போட்டுத்தானே போனவ.”

“வாங்கோ அக்கா, பிடியுங்கோ” என்று நான் கூப்பிட்டால், கரைப்பக்கத்தாள் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தாள் என்றாகும். பிறகு தவமணி அக்கா சாகும்வரைக்கும் வரமாட்டா. கூப்பிடாமல் விட்டால் சனம் தாகத்தோடு திரும்பிப்போய் உப்புத் தண்ணீரைக் குடிக்கும். நாளைக்குச் சங்கம் இரண்டாகும். அதன்பிறகு இந்த இடத்தை ஆர் நடத்துவது? நான் பைப்பைத் திறந்துவிட்டேன். வாசலில் கதிரையைப் போட்டேன். கட்டடத்தின் பெரிய பூட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். அதைவிடக் கஷ்டமான வேலை நான் செய்ததில்லை. பூட்டு வியர்வையில் நனைந்துபோனது.

எங்கடை பக்கத்துப் பெண்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் தவமணி அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெயில் பூவரசு நிழலைச் சுருக்கிக்கொண்டு வந்தது.

“என்ன, எல்லாரும் படம் பாக்கிறியளோ?” என்று திடீரென்று தவமணி அக்கா கத்தினா. கானைத் தூக்கிக்கொண்டு விறுவிறென்று பைப்படிக்கு வந்தா. “விலகுங்கோ, விலகுங்கோ. தலைவரெண்டு ஒருத்தி இருக்கிறாள்.”

“தலைவரெண்டாலும் வரிசை வரிசைதான் அக்கா. பின்னாலை போங்கோ!” என்றாள் எங்கடை பக்கத்தில் ஒருத்தி.

தவமணி அக்கா அவளை முறைத்தா. பிறகு கானை இழுத்துக்கொண்டு, “வாய்க்கொழுப்பு, வாய்க்கொழுப்பு” என்று சொல்லிச் சொல்லி, வரிசையின் கடைசிக்குப் போய் நின்றா. அவவுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள்.

ஊர்ப்பக்கப் பைப்பைத் திருத்துவோம் என்று பிறகு இரண்டு கூட்டத்தில் கதைத்தோம். பிறகு கதைக்கவில்லை. இப்போது அந்தப் பைப் நின்ற கட்டையில் ஆடு கட்டுகிறார்கள். ஊர் மாறிவிட்டது என்று நான் சொல்லவில்லை. கிணறு இன்னும் அவரவர் கிணறுதான். கலியாண வீட்டுப் பந்தியும் அப்படித்தான். பைப் மட்டும்தான் ஒன்று.

இதை மிஸ்ஸுக்குச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஒருநாள் பின்னேரம் துணிந்து அடித்தேன். எடுத்துவிட்டார்.

“செயலாளரோ?”

“நான் இப்ப செயலாளர் இல்லை மிஸ். வேற பிள்ளையைப் போட்டிருக்கு. நான் மோட்டர் மட்டும் பாக்கிறன்.”

“அப்ப உங்களை என்னெண்டு கூப்பிடுறது?” என்றார். உண்மையாகவே தெரியாமல் கேட்டது போல இருந்தது. “தண்ணி விசயமோ?”

பைப்பின் கதை வாய்வரை வந்தது. அது தண்ணீர் விசயம். “இல்லை மிஸ். சும்மாதான் எடுத்தனான்.”

“சும்மாவோ?”

“ஓம்.”

வைத்துவிட்டாராக்கும் என்று நினைத்தேன்.

“சும்மா எண்டு எனக்கு ஆரும் எடுக்கிறேல்லை, றெஜினா.”

என்ரை பேர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

“அண்டைக்கு ஒருநாள் எடுத்தனாங்கள். நீங்கள் எடுக்கேல்லை,” என்றேன். குறையாகச் சொல்லவில்லை. சொல்ல வேறு ஒன்றும் வரவில்லை.

“தெரியும். போன் அடிக்கிறதைப் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்.” பிறகு, “நண்டு வருதோ இப்ப?” என்றார்.

“வருது மிஸ். வாங்கோவன் ஒருநாள்.”

“பாப்பம்,” என்றார். ஸ்கூட்டி எழும்புகிற சத்தம் கேட்டது.

அதன்பிறகு ஒருநாள் அடித்தபோது அந்த எண் பாவனையில் இல்லை என்று ஒரு பெண்குரல் சொன்னது. பிறகு கீரிமலைப் பக்கம் இதுமாதிரி ஒரு சங்கத்தைப் பார்க்கப் பிரதேச சபையால் எங்களைக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு அம்மா, “எங்கடை மிஸ் ஒருத்தி இருந்தவ, எந்த நேரமும் மடியில ஹெல்மெற்றோட” என்று தொடங்கினா. அந்த அம்மாவின் கையாலும் மிஸ் ஒருநாள் சாப்பிட்டிருக்கிறார். இடியப்பமும் சொதியும்.

“இப்ப எங்கை அவ?” என்று கேட்டேன்.

“உங்களுக்குத் தெரியாதோ பிள்ளை? நீங்கள் சொல்லுவியள் எண்டெல்லோ நான் கேக்க இருந்தனான்.”

மன்னார் என்றா ஒருத்தி. இல்லை, திருகோணமலை என்றா இன்னொருத்தி. கலியாணம் கட்டினவவோ, தாய் தகப்பன் இருக்கினமோ, ஒருவருக்கும் தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் அவருக்கு ஒரு நேரம் ஒரு கோப்பை சாப்பாடு கொடுத்திருக்கிறோம். அதற்கு மேல் ஒருவரிடமும் ஒன்றுமில்லை.

போன கிழமை ஒரு புதுப் பிள்ளை வந்தாள். வேறு நிறுவனம். ஹெல்மெற்றை வண்டியிலே கொழுவிவிட்டு, சிரித்துக்கொண்டு இறங்கினாள். நன்றாக நடக்கிற சங்கங்களைப் பற்றி எழுதுகிறாளாம். தவமணி அக்காவுக்கு இப்போது முழங்கால் ஏலாது. ஆனாலும் தலைவர் கதிரையை விடவில்லை.

“இதைத் துவக்கினது ஆரம்மா?” என்று கேட்டாள் பிள்ளை.

“நாங்கள்தான்.”

“இல்லை, ஆராவது வந்து உங்களை வழிநடத்தி...”

“மிசின் தந்தவை, காணி தந்தவை. மற்றதெல்லாம் நாங்கள்தான் பிள்ளை. என்ன றெஜினா?”

நான் தவமணி அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவ பொய் சொல்லவில்லை. பெருமைக்கும் சொல்லவில்லை. அவவுக்கு அப்படித்தான் நினைவு. வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்த ஒருவர் அந்த நினைவில் இல்லை. இதற்காகத்தானே மிஸ் அவ்வளவு பாடுபட்டது.

பிள்ளை பேனையோடு என்னைப் பார்த்தாள். றோட்டால் ஒரு ஸ்கூட்டி போனது. நான் திரும்பிப் பார்த்தேன், எப்போதும் பார்க்கிறது மாதிரி. அது வேறு யாரோ.

“ஓம்,” என்றேன். “நாங்கள்தான்.”

சொல்லிப்போட்டு, மோட்டர் சுடுகிறதோ என்று பார்க்கப் பின்பக்கம் போனேன். கையை வைத்தேன். சுடவில்லை. நல்லாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் நின்றேன்.